வை ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பிரிஸ்டல், நியூபோர்ட், கார்டிஃப் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் டின்டர்ன் மடாலயத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. சனிக்கிழமை காரில் போவார்கள், இடிந்த சுவர்களுக்கு முன்னால் படம் எடுப்பார்கள், ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வை ஆற்றின் எதிர்க்கரையில் தொடங்கும் காட்டுப் பாதையில் கால் வைக்காமலே பலர் வந்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். ஏன் போகவில்லை என்று கேட்டால் வருவது இந்தச் சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

வை வேலி, வை வேலின்னு சொல்றீங்களே, அது சரியா எங்க இருக்கு?

‘வேலி’ என்பது பள்ளத்தாக்குக்கு ஆங்கிலச் சொல். வை ஆறு வேல்ஸின் நடுவே பிளின்லிமன் மலையில் பிறந்து, ஏறத்தாழ 250 கி.மீ. ஓடி, செப்ஸ்டோவைத் தாண்டி செவர்ன் கழிமுகத்தில் கலக்கிறது. கடைசிப் பகுதியில் பெரும்பாலும் ஆறுதான் எல்லை: ஒரு கரை வேல்ஸ், மறு கரை இங்கிலாந்து. ராஸ், சிமண்ட்ஸ் யாட், மான்மத், டின்டர்ன், செப்ஸ்டோ என்று வரும் இந்தக் கீழ்ப்பகுதியில் ஆறு சுண்ணாம்புக்கல் மலையை அறுத்துக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது. இரு பக்கமும் செங்குத்தான சரிவு, சரிவு முழுக்க மரம். உழ முடியாத சரிவு என்பதால்தான் காடு இன்றைக்கும் மிஞ்சியிருக்கிறது.

1971இல் இதைச் சிறப்பு இயற்கை எழில் பகுதியாக அறிவித்தார்கள். நான் இங்கே பேசுவதெல்லாம் சிமண்ட்ஸ் யாட்டிலிருந்து செப்ஸ்டோ வரைக்குமான பகுதியைப் பற்றித்தான்.

கார் இல்லாம போக முடியுமா?

முடியும். செப்ஸ்டோவில் ரயில் நிலையம் இருக்கிறது. பிரிஸ்டலிலிருந்து வருகிறவர்கள் நியூபோர்ட்டிலோ செவர்ன் டனல் ஜங்ஷனிலோ மாற வேண்டும். செப்ஸ்டோவிலிருந்து டின்டர்ன் வழியாக மான்மத் போகும் 69ஆம் எண் பஸ் இருக்கிறது. ஆனால் அது அடிக்கடி வருகிற பஸ் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாட்களும் நேரம் மாறும். திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தை முதலில் பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கேற்றபடி நடையைத் தொடங்குங்கள்.

காரில் வருகிறவர்களுக்கு: செவர்ன் பாலத்துச் சுங்கக் கட்டணம் 2018 டிசம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. எம்48 பாலம் வழியாக வந்தால் செப்ஸ்டோ பக்கம். பலத்த காற்று வீசும் நாட்களில் அந்தப் பாலத்தை மூடுவார்கள்.

நடக்கறதுக்கு டிக்கெட், பெர்மிட் எதுவும் எடுக்கணுமா? ஃபாரஸ்ட் ஆபீஸ்ல கேக்கணுமா?

எதுவும் வேண்டாம். நம் ஊரில் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போக முடியாது என்று பழகியவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,25,000 கி.மீ. நீளத்துக்குப் பொதுவழிப் பாதைகள் இருக்கின்றன. அவற்றில் நடப்பது சட்டப்படி எல்லோருக்கும் உள்ள உரிமை. நீங்கள் குடியுரிமை பெற்றவரா, மாணவர் விசாவா, மகனைப் பார்க்க வந்த அம்மாவா என்று யாரும் கேட்க முடியாது.

காசு கொடுக்க வேண்டியது பார்க்கிங்குக்கும், மடாலயத்துக்கு உள்ளே போவதென்றால் அதற்கும்தான்.

பாதை நேரா ஒருத்தரோட வயலுக்குள்ள போகுதே. கேட் வேற சாத்தியிருக்கு. திறந்து போனா சண்டைக்கு வரமாட்டாங்களா?

வரமாட்டார்கள். நிலம் அவருடையதாக இருந்தாலும் அதில் போகும் பாதை பொதுவழி. கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு. நீல அம்பு என்றால் நடப்பவர்களோடு குதிரையும் சைக்கிளும் போகலாம். வேலியைத் தாண்ட மரப்படி இருக்கும், அல்லது ஒரு ஆள் மட்டும் நுழைகிற ஆட்டக் கதவு இருக்கும். பெரிய கேட்டைத் திறந்தால் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள்: சாத்தியிருந்தால் சாத்துங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். மாட்டுக்குத் தண்ணீர் போக வழிவிட்டுத் திறந்து வைத்திருப்பார்கள். நல்லது செய்வதாக நினைத்து அதைச் சாத்திவிடக் கூடாது.

மாடுகள் நிற்கும் வயலில் கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகாதீர்கள். சுற்றிப் போங்கள், ஓடாதீர்கள். நாய் கூட வந்திருந்து மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாய் மேல்தான், நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் மிதிபடுவார்.

முதல் தடவை போறோம். எந்தப் பாதை?

டின்டர்னிலிருந்து டெவில்ஸ் புல்பிட். யோசிக்கவே வேண்டாம். மடாலயத்துக்குச் சற்று மேலே ஆற்றின் குறுக்கே பழைய இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. 1870களில் கம்பி ஆலைக்கு ரயில் போவதற்காகக் கட்டியது, இப்போது நடைபாலம். அதைக் கடந்தால் நீங்கள் இங்கிலாந்தில் இருக்கிறீர்கள். கைகாட்டி பார்த்து மேலே ஏற வேண்டும். ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும். கல்லும் வேருமாகக் கிடக்கும் பாதை, மழை பெய்திருந்தால் வழுக்கும். மேலே போனதும் ஆஃபாஸ் டைக் பாதையில் சேர்ந்துவிடுவீர்கள். எட்டாம் நூற்றாண்டில் மெர்சியா நாட்டு மன்னன் ஆஃபா எழுப்பிய மண்கரை அது, பல இடங்களில் உங்கள் பக்கத்திலேயே மேடாகத் தெரியும்.

டெவில்ஸ் புல்பிட், அதாவது பிசாசின் பிரசங்க மேடை, என்பது சரிவின் விளிம்பில் துருத்தி நிற்கும் சுண்ணாம்புக்கல் பாறை. பிசாசு அதில் ஏறி நின்று கீழே இருந்த துறவிகளை மடத்தை விட்டு வரும்படி ஆசை காட்டியது என்பது ஊர்க்கதை. மரங்களுக்கு இடையில் ஒரு திறப்பு. அதன் வழியாகப் பார்த்தால் கூரையில்லாத மடாலயம் முழுதும், அதைச் சுற்றி வளையும் ஆறும், எதிர்ச் சரிவும் ஒரே பார்வையில் கிடைக்கும். சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவச் சபையின் துறவிகள் 1131இல் அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது கீழே நின்று பார்த்தால் புரியாது, மேலே வந்தால்தான் புரியும். நிதானமாகப் போய் உட்கார்ந்து திரும்ப இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்புக்காகப் பாலம் மூடியிருந்தால், கொஞ்சம் வடக்கே பிராக்வியர் பாலத்தில் ஆற்றைக் கடந்து வரலாம். நடை கூடும்.

ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்திருக்காங்க. முட்டி வலி, ஏற முடியாது. அவங்களுக்கு என்ன?

அதே இரும்புப் பாலத்தைக் கடந்து, மேலே ஏறாமல், தெற்கே போகும் வை வேலி கிரீன்வே பாதையில் போங்கள். பழைய ரயில் தடம் அது. பயணிகள் ரயில் 1959இல் நின்றுபோனது. 2021இல் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் திறந்துவிட்டார்கள். ரயில் போன தடம் என்பதால் ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட இல்லை. அப்பா அம்மா கைகோத்து நடக்கலாம், எங்கே களைத்தாலும் அங்கிருந்தே திரும்பலாம்.

அந்தப் பாதையில் டிடனம் சுரங்கம் வருகிறது, நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். உள்ளே போனதும் குளிர் முகத்தில் அடிக்கும், கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். வெளிச்சம் வேண்டுமென்றே மிகக் குறைவாக வைத்திருக்கிறார்கள். சின்னக் குதிரைலாட வௌவால்கள் அங்கே தங்குவதுதான் காரணம். டார்ச் அடித்தால் தரையைப் பார்த்து அடியுங்கள், உள்ளே சத்தம் போட வேண்டாம். அக்டோபர் முதல் மார்ச் கடைசி வரை சுரங்கம் மூடியிருக்கும். அந்த மாதங்களில் சுரங்க வாசல்வரை போய்த் திரும்பலாம்.

குழந்தைகளுக்கு போரடிக்காம ஏதாவது?

சிமண்ட்ஸ் யாட் கிழக்கு ஊரில் தொடங்குங்கள். ஆற்றோரமாகக் கீழ்நோக்கி நடந்தால் பிப்ளின்ஸ் தொங்குபாலம் வரும், அது ஆடும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிப் போட்டிருப்பார்கள், அதை மீறாதீர்கள். அக்கரை போய் ஆற்றோரமாகவே திரும்பி நடந்தால் கைப்படகுத் துறை வரும். ஆற்றின் குறுக்கே தலைக்கு மேல் கயிறு கட்டியிருக்கிறது. படகுக்காரர் துடுப்பு போடாமல், மோட்டார் இல்லாமல், அந்தக் கயிற்றை இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்துப் படகை அக்கரை சேர்ப்பார். குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள், பெரியவர்களும்தான். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் வெள்ளம் இருந்தால் படகு ஓடாது, வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும்.

இன்னும் தெம்பு இருந்தால் சிமண்ட்ஸ் யாட் பாறைக்கு ஏறுங்கள். எதிர்ப் பாறைச் சுவர்களில் பொரி வல்லூறுகள் கூடு கட்டும். பருவத்தில் பறவை ஆர்வலர்கள் தொலைநோக்கி வைத்துக் கேட்பவர்களுக்குக் காட்டுவார்கள்.

நாங்க நல்லா நடப்போம். அரை நாள் நடைக்கு எது பெஸ்ட்?

செப்ஸ்டோ கோட்டையிலிருந்து டின்டர்ன் வரை, பிறகு 69ஆம் எண் பஸ்ஸில் திரும்புவது. வழி முழுக்க வை வேலி வாக் என்ற நீண்ட நடைபாதையின் தாவும் சால்மன் மீன் குறி இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். ஒன்பது பத்து கிலோமீட்டர்தான், ஆனால் ஏறி இறங்குவதால் நான்கு மணி நேரமாவது ஆகும். செப்ஸ்டோ கோட்டையைக் கட்டத் தொடங்கியது 1067இல், ஆற்றுக்கு மேலே செங்குத்துப் பாறையில் நிற்கிறது.

கோட்டையைத் தாண்டியதும் பியர்ஸ்ஃபீல்ட் காடு. 1750களில் அந்த எஸ்டேட்டின் சொந்தக்காரர் வாலன்டைன் மாரிஸ், விருந்தினர்கள் நடந்து ரசிப்பதற்கென்றே இந்தப் பாதையையும் பார்வை மேடைகளையும் அமைத்தார். ஒரு இடத்தில் பாதை பாறைக் குகைக்குள் புகுந்து வெளியே வரும். மாரிஸின் செல்வம் ஆன்டிகுவா கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில் வந்தது. 1802இல் அதே மாளிகையை வாங்கியவர் நதானியேல் வெல்ஸ். செயின்ட் கிட்ஸ் தீவில் அடிமையாக இருந்த ஒரு பெண்ணின் மகன். 1818இல் மான்மத்ஷயரின் ஷெரிஃப் ஆனார். அவருக்கு வந்த சொத்தும் அப்பா வழியில் வந்த கரும்புத் தோட்டப் பணம்தான். இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு நடப்பது நல்லது. மாளிகை இன்று கூரையில்லாமல் குதிரைப் பந்தய மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறது.

அடுத்து வின்ட்கிளிஃப். 365 படிகள் என்று பெயரே அதுதான், 1828இல் போட்டது. மேலே ஈகிள்ஸ் நெஸ்ட் மேடையில் நின்றால் ஆற்றின் வளைவும், தூரத்தில் செவர்னும், இரண்டு பாலங்களும் தெரியும். என்னைக் கேட்டால், பள்ளத்தாக்கிலேயே சிறந்த இடம் இதுதான்.

எந்த மாசம் போனா நல்லாருக்கும்?

ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை. காட்டுத் தரை முழுக்க நீலமணிப் பூக்கள், ஈரமான இடங்களில் காட்டுப்பூண்டின் வெள்ளைப் பூக்கள். மேலே இலை மூடுவதற்குள் வெயிலைப் பிடித்துப் பூத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவற்றுக்கு. அடுத்தது அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம், பீச் மரங்கள் செம்பு நிறமாகும் நேரம்.

ஜூலை, ஆகஸ்டில் எல்லோரும் வருகிறார்கள். ஆனால் அப்போது இலை அடர்ந்து பல இடங்களில் ஆறே தெரியாது. குளிர்காலத்தில் நன்றாகத் தெரியும், கூட்டமும் இருக்காது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், காட்டுக்குள் அதற்கு முன்பே மங்கிவிடும். அதனால் காலையிலேயே தொடங்குங்கள்.

சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ போதுமா? சாப்பாடு எடுத்துட்டுப் போகணுமா?

கிரீன்வேக்குப் போதும். மற்ற பாதைகளுக்கு அடிப்பக்கம் பள்ளம் பள்ளமாகப் பிடிப்புள்ள ஷூ வேண்டும். கோடையிலும் நிழலான இடங்களில் சேறு காயாது. புடவையில் வருகிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: வேலிப்படிகளில் ஏறும்போது தடுக்கும், சல்வார் நல்லது. மழைக்கோட்டு பையில் எப்போதும் இருக்கட்டும்.

சாப்பாடு கட்டாயம் எடுத்துப் போங்கள். காட்டுக்குள் கடை கிடையாது. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் சரி, குளிர்ந்தாலும் ருசிக்கும். டின்டர்ன் ஊரிலும், வடக்கே சுமார் ஒன்றரைக் கிலோமீட்டரில் பழைய ரயில் நிலையத்திலும் டீ கிடைக்கும். குளிர்காலத்தில் மூடியிருக்கலாம்.

இன்ஸ்டால ஆறு நிறைய தண்ணியோட கண்ணாடி மாதிரி இருந்துச்சு. நேர்ல போனா ரெண்டு பக்கமும் வெறும் சேறு. ஏன்?

நீங்கள் போனது கடல் வற்றிய நேரம். செவர்ன் கழிமுகத்தின் ஓதம், அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கம், உலகிலேயே மிக உயரமானவற்றில் ஒன்று, பெரிய நாட்களில் 14 மீட்டர் வரை ஏறி இறங்கும். அந்த ஏற்றம் செப்ஸ்டோ, டின்டர்ன் தாண்டி பிக்ஸ்வியர் பாலம் வரை வருகிறது. நாளைக்கு இரண்டு முறை ஆறு எதிர்த்திசையில் ஓடுவதைக் கரையில் நின்றே பார்க்கலாம்: மிதக்கும் சுள்ளி ஒன்று கீழே போய்க்கொண்டே இருந்து, தயங்கி, நின்று, மேலே திரும்பும்.

படம் எடுக்க வேண்டுமென்றால் செப்ஸ்டோ ஓத அட்டவணையை இணையத்தில் பாருங்கள். டின்டர்னுக்கு ஓதம் அதற்குச் சற்றுப் பின்னால் வரும். அந்தச் சேற்றில் மட்டும் இறங்காதீர்கள், கால் புதைந்தால் எடுப்பது சுலபமில்லை.

வெயில் நல்லா அடிக்குது. ஆத்துல இறங்கிக் குளிக்கலாமா?

டின்டர்ன், செப்ஸ்டோ பக்கம் கூடவே கூடாது, காரணம் மேலே சொன்ன ஓதமும் சேறும். மேலே சிமண்ட்ஸ் யாட் பக்கம் அமைதியாகத் தெரியும், ஆனால் அங்கே நீர்விரைவு இருக்கிறது, தண்ணீர் கோடையிலும் சில்லென்று இருக்கும். தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவர்களும் குளிரில் உடம்பு விறைத்துத் திணறுவார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, சொல்லவே வருத்தமாக இருக்கிறது. ஆற்றின் உடல்நலம் சரியில்லை. மேற்பகுதியில் பெருகிவிட்ட கோழிப்பண்ணைகளின் எருவிலிருந்து பாஸ்பேட் வழிந்து வருகிறது, கழிவுநீரும் சேர்கிறது. கோடையில் பாசி பிடித்துத் தண்ணீர் கலங்குகிறது, வெள்ளைப் பூப்பூக்கும் நீர்க்கொடிகள் அழிகின்றன, சால்மன் குறைந்துவிட்டது. 2023இல் நேச்சுரல் இங்கிலாந்து அமைப்பு ஆற்றின் நிலையை ‘மோசம், மேலும் சரிகிறது’ என்ற தரத்துக்கு இறக்கியது.

காடு பூரா பூண்டு வாசனை. பறிச்சிட்டு வந்து துவையல் அரைக்கலாமா?

விற்பதற்கு இல்லாமல் வீட்டுக்கென்று காட்டுச்செடியின் இலையைப் பறிப்பது 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி திருட்டு ஆகாது. ஆனால் வேரோடு பிடுங்க நிலச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கின் காடுகளில் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. அங்கே பறிக்காதீர்கள் என்றே சொல்வேன்.

வேறு இடத்தில் பறித்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். காட்டுப்பூண்டுக்கு நடுவிலேயே லார்ட்ஸ் அண்ட் லேடீஸ் என்ற விஷச்செடி முளைக்கும். இளசில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. பூண்டு இலையில் நரம்புகள் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும், விஷச்செடியில் நடுநரம்பிலிருந்து கிளை பிரிந்து வலையாகப் போகும், இலையின் அடிப்பக்கம் அம்பு முனை போல இருக்கும். முகர்ந்து பார்த்தால் தெரியாதா என்பார்கள். நாலு இலை பறித்த கையில் எதை முகர்ந்தாலும் பூண்டுதான் மணக்கும். கைப்பிடியாக அள்ளாமல் இலை இலையாகப் பாருங்கள்.

மிருகம், பாம்பு உண்டா? தனியா போக பயமா இருக்கு.

யானை, சிறுத்தை, கரடி எதுவும் இல்லை. கிழக்குக் கரையை ஒட்டிய டீன் காட்டில் காட்டுப்பன்றிகள் இருக்கின்றன. குட்டிகளோடு பார்த்தால் ஒதுங்கிப் போங்கள், நாயைக் கயிற்றிலேயே வையுங்கள். ஆடர் என்ற விரியன் வகைப் பாம்பு ஒன்றுதான் இந்நாட்டின் விஷப்பாம்பு. மிதித்தாலோ சீண்டினாலோதான் கடிக்கும், கடித்தால் உடனே மருத்துவமனை.

நீங்கள் கவலைப்பட வேண்டியது உண்ணியைப் பற்றி. நம் ஊரில் மாட்டிலும் நாயிலும் பார்த்த உண்ணிக்கு உறவுதான், ஆனால் இனம் வேறு, கடுகளவுதான் இருக்கும். அது கடித்து லைம் நோய் வரலாம். முழுக்கால் பேன்ட் போட்டு, முனையை சாக்ஸுக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் விடுவது, தீப்பெட்டியால் சுடுவது எதுவும் வேண்டாம். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். அடுத்த வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகப் பரவும் தடிப்போ காய்ச்சலோ வந்தால் டாக்டரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் இருக்கிறது.

காலேஜ்ல படிச்ச டின்டர்ன் ஆபி கவிதை இந்த இடம்தானா?

ஆமாம். வேர்ட்ஸ்வொர்த் 1798 ஜூலையில் தங்கை டோரதியோடு வந்தார். படகில் செவர்னைக் கடந்து, டின்டர்ன் வரை நடந்து, மறுநாள் ஆற்றோரமாகவே மான்மத் வழியாகக் குட்ரிச் கோட்டை வரை நடந்தார்கள். கவிதையின் உள்ளே மடாலயம் வராது. தலைப்பே ‘டின்டர்னுக்குச் சில மைல் மேலே’ என்கிறது. ஆகவே அந்தக் கவிதையின் இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மடாலய வாசலில் தேடாதீர்கள், ஆற்றோரமாக வடக்கே நடங்கள். எம்.ஏ. இலக்கியம் படித்தவர்களிடம் இதைத்தான் சொல்லி நடக்க வைக்கிறேன்.

இது மனுஷன் கை படாத காடுதானே?

இல்லை. மரத்தின் அடியைப் பாருங்கள். ஒரே அடிக்கட்டையிலிருந்து ஐந்து ஆறு தண்டுகள் வட்டமாகக் கிளம்பியிருக்கும். அடியோடு வெட்டி, மறுபடி துளிர்க்க விட்டு, சில ஆண்டுகளில் மீண்டும் வெட்டிய அடையாளம் அது. பதினாறாம் நூற்றாண்டு முதல் டின்டர்னில் கம்பி ஆலைகளும் இரும்பு உலைகளும் இயங்கின. அவற்றுக்கு வேண்டிய கரி இந்தச் சரிவுகளிலிருந்து போனது. வேர்ட்ஸ்வொர்த் நடந்த காலத்தில் இங்கே புகையும் சம்மட்டிச் சத்தமும் இருந்தன. மரத்தை வேரோடு அழிக்காமல் வெட்டியதால்தான் காடு பிழைத்தது.

இப்போது ஆபத்து வேறு. ஆஷ் மரங்களைப் பூஞ்சை நோய் கொல்கிறது. கோடையிலும் இலையில்லாமல் சாம்பல் நிறத்தில் நிற்கும் மரத்தின் அடியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். காற்று நாட்களில் காட்டுக்குள் போகவே வேண்டாம்.

எங்க தமிழ் அசோசியேஷன்ல முப்பது பேர் சேர்ந்து போலாம்னு இருக்கோம். ஓகேவா?

தாராளமாக. ஆனால் ஏழெட்டுப் பேராகப் பிரிந்து, இடைவெளி விட்டு நடங்கள். ஒற்றையடிப் பாதையில் முப்பது பேர் வந்தால் எதிரே வருகிறவர் ஒதுங்க இடமில்லை. ஸ்பீக்கரில் பாட்டு வைக்காதீர்கள், இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். நெருப்பு மூட்டிச் சமைக்காதீர்கள். ஒவ்வொரு குழுவிலும் வரைபடம் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கட்டும்.

உள்ள போனா சிக்னலே இல்ல. வழி தவறிட்டா என்ன பண்றது?

பள்ளத்தாக்கின் அடியில் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. கூகுள் மேப்பை நம்பிப் போகாதீர்கள், அதில் பொதுவழிப் பாதைகள் பாதி இருக்காது. ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் ஓஎல்14 வரைபடம் வாங்குங்கள், அல்லது அவர்களுடைய செயலியில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். பொதுவழிகள் பச்சைக் கோடுகளாக இருக்கும். ஆஃபாஸ் டைக் பாதைக்கு ஓக் கொட்டைக் குறி, வை வேலி வாக்குக்கு நான் முன்பு சொன்ன மீன் குறி. கால் மணி நேரமாக எந்தக் குறியும் கண்ணில் படவில்லையென்றால் கடைசியாகக் குறி பார்த்த இடத்துக்கே திரும்புங்கள். ஆறு தெரிகிறதே என்று சரிவில் நேராக இறங்காதீர்கள், நடுவில் பாறைச் சுவர் இருக்கும்.

யாருக்காவது அடிபட்டால் 999 அல்லது 112. உங்கள் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் வேறு நெட்வொர்க் இருந்தால் அழைப்பு போகும். போலீஸ் வேண்டும், மவுன்டன் ரெஸ்க்யூ வேண்டும் என்று சொல்லி, நீங்கள் நிற்கும் இடத்துக்கு வரைபடத்தில் உள்ள கட்ட எண்ணை (கிரிட் ரெஃபரன்ஸ்) கொடுங்கள். ஆற்றின் கீழ்ப்பகுதியில் செவர்ன் ஏரியா ரெஸ்க்யூ அசோசியேஷனின் தன்னார்வலர்கள் வருவார்கள். இலவசம்தான், தயங்காமல் கூப்பிடுங்கள்.

வை வேலி வாக் முழுசும் நடக்க எத்தனை நாள் ஆகும்?

மொத்தம் 136 மைல், ஏறத்தாழ 219 கி.மீ. செப்ஸ்டோவில் தொடங்கி, ஆறு பிறக்கும் பிளின்லிமன் பக்கம் ஹாஃப்ரன் காட்டில் முடியும். தொடர்ந்து நடப்பவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். வேலையும் குழந்தைகளும் இருப்பவர்கள் ஒரு துண்டு, அடுத்த மாதம் அடுத்த துண்டு என்று நடக்கலாம். முதல் துண்டு செப்ஸ்டோ – டின்டர்ன், இரண்டாவது டின்டர்ன் – மான்மத். இந்த இரண்டுக்கும் அதே 69ஆம் எண் பஸ் போதும். மான்மத்தைத் தாண்டினால் பஸ்ஸும் வழியும் மாறும், அதற்குத் தனியாகத் திட்டம் போட வேண்டும்.